முப்பத்தெட்டுப் பேரின் வெயில்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, வேலூர் வெண்முகில் குடியிருப்பில் முப்பத்தெட்டு இதயங்கள் ஒரே நொடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டன. அதில் ஒன்பது வயதுப் பையனின் இதயமும் இருந்தது, எழுபத்தெட்டு வயது அம்மாளின் இதயமும் இருந்தது. பதினொன்று நாற்பத்துமூன்றுக்கு இன்னொரு முறை தவறவிட்டன. பிறகு எல்லாம் ஒன்றாகவே சுதாரித்துக்கொண்டு ஓடத் தொடங்கின.

"பஜனை கோஷ்டி மாதிரி இருக்கு மேடம், தாளம் தப்பினாலும் சேர்ந்தே தப்புது" என்றார் மேற்பார்வையாளர் போனில். "மூணாவது தடவை தப்பிச்சுன்னா ஆம்புலன்ஸ் தானா கிளம்பிடும். அதுக்குள்ள போய்ப் பாருங்க. உங்க கட்டடம்தானே."

மங்கையர்க்கரசியின் கட்டடம்தான். வெயில் நலத் துறையில் மதிப்பீட்டாளராகச் சேர்ந்து ஆறு வருடமாகிறது அவளுக்கு. ஊரில் பாதிப் பேர் வெயிலே படாமல் எலும்பு உளுத்தும், மீதிப் பேர் வெயிலிலேயே கிடந்து தோல் கெட்டும் போனபோது, இரண்டுக்கும் சேர்த்து அரசாங்கம் கண்டுபிடித்த மருந்து அந்தத் துறை. ஆளுக்கொரு பொட்டு கொடுத்தார்கள். புளியங்கொட்டை அளவு, மேல்கையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் வெயில் பட்டது என்று அது அளக்கும். உயிருள்ள உடம்பில்தான் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நாடியையும் கேட்டுக்கொள்ளும். மிச்சத்தை மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து கேட்பார். தொப்பி போடுகிறீர்களா, முழுக்கைச் சட்டையா, களிம்பு தடவுகிறீர்களா, பதினொன்றிலிருந்து மூன்றுவரை நிழல் தேடுவீர்களா, எப்போதுமா, அடிக்கடியா, எப்போதாவதா, இல்லவே இல்லையா என்று முப்பத்தோரு கேள்வி. எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் வீட்டு ஏசிக்கு மின்சாரம். அறுபதுக்குக் கீழே போனால் மே மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். வேலூரில் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு, இதில் தோற்றதைப் பொறுத்தவர்கள் கிடையாது.

வெண்முகிலுக்குத் தொண்ணூற்றெட்டு. பதினோரு மாதமாகத் தொண்ணூற்றெட்டு. மாவட்டத்திலேயே இல்லாத மதிப்பெண் என்று மங்கையர்க்கரசிக்குத் துறை ஒரு மரக் கேடயம் கொடுத்தது. இப்போது அது அவள் சமையலறையில் ஊறுகாய் ஜாடி சாயாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கேட்டில் வாட்ச்மேன் கன்னியப்பன் எப்போதும்போல எழுந்து நின்று சலாம் வைத்தார். அறுபதை நெருங்கும் ஆள். உச்சி வெயிலிலும் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு மேலே துண்டைப் போர்த்தியிருந்தார். குளிர் காய்ச்சலா என்று கேட்டதற்கு, பழக்கம் மேடம் என்றார். முகம் காய்ந்த வாழை மட்டை போலக் கறுத்திருந்தது. உதடு மட்டும் வெளுத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு லிப்டுக்குப் போய்விட்டாள். பின்னால் பல நாள் அவளுக்கு உறுத்தியது அதுதான்.

முதல் மூன்று வீட்டில் எல்லாரும் திடகாத்திரமாக இருந்தார்கள். நெஞ்சில் ஏதாவது செய்ததா என்று கேட்டால், இல்லையே, பூரி சாப்பிட்டோம் என்றார்கள். நான்காவது வீட்டுக்குள் நுழையும்போது எல்லார் போனும் ஒரே நேரத்தில் கிணுங்கியது. குடியிருப்போர் சங்கத்தின் குழுவில் ஏதோ செய்தி வந்திருக்க வேண்டும். அதிலிருந்து எல்லாருக்கும் வியாதி வந்துவிட்டது. ஒருவர் படபடப்பு என்றார். அடுத்த வீட்டுக்காரர் படபடப்போடு மயக்கமும் என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெசிந்தா, இடது கையில் தொடங்கி தாடைவரை இழுத்ததாகவும் அப்போது தான் தொப்பி அணிந்து மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்ததாகவும், பாடம் நடத்துவதுபோல விரல் விட்டுச் சொன்னார். ஒன்பது வயதுப் பையனிடம் கேட்டபோது அவன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் தாடை என்றான்.

அவன் காலைத்தான் மங்கையர்க்கரசி பார்த்தாள். வெயிலில் போகிறவர் காலில் செருப்பு வாரின் தடம் வெள்ளையாக விழும். அது தெரியாமல் ஆறு வருடம் இந்த வேலை பார்க்க முடியாது. பதினோரு மாதமாக நாள் தவறாமல் வெயில் வாங்கிய பையன் அவன். அவன் காலில் வார்த் தடம் இல்லை. ஜெசிந்தா டீச்சர் காலிலும் இல்லை. மூடிபோட்டு முளைகட்டிய பயறு மாதிரி, அதுவரை அவள் பார்த்த ஏழு வீட்டாரும் ஒரே வெள்ளையாக இருந்தார்கள். கை காட்டுங்கள், பொட்டைப் பார்க்கலாம் என்றாள். குளித்தபோது கழற்றினோம், சாமி அறையில் இருக்கிறது, இதோ எடுத்துவருகிறோம் என்றார்கள். யாரும் எடுத்துவரவில்லை.

அவள் படி இறங்கிக் கீழே வந்தபோது கன்னியப்பன் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து கேட்டை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். கேட்டைத் தொட்டார், திரும்பித் தொட்டிக்கு ஓடினார். நடுவில் ஒரு இடத்தில் நின்றார். பிறகு யாரோ மெதுவாக உட்காரவைத்ததுபோல் மண்ணில் உட்கார்ந்தார். துண்டு நழுவியது. சட்டைப் பொத்தான்களும் திறந்திருந்தன.

மங்கையர்க்கரசி கிட்டே போய் நின்று, எண்ணிப் பார்க்காமலே புரிந்துகொண்டாள். கழுத்திலிருந்து தொப்புள்வரை பொட்டு. தோளில் பொட்டு, விலாவில் பொட்டு. ஒவ்வொன்றின் கீழும் பேனாவால் வீட்டு எண் எழுதியிருந்தது.

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, மூச்சு வந்ததும் அவர் முதலில் செய்தது நெஞ்சைத் தடவிப் பார்த்ததுதான்.

"எரநூத்தி நாலு வுயுந்துட்ச்சா பாருங்க மேடம். வேர்வையில அது ஒண்ணுதான் நிக்கமாட்டேங்குது."

"இது எத்தனை நாளா?"

"ஆனி வந்தா ஒரு வருசம். மொதல்ல ஆட்டு மேலதான் ஒட்டனாங்க. ஆட்டுக்கு நாடி ஜாஸ்தியாமே. எல்லாருக்கும் காய்ச்சல்னு உங்க ஆபீசுலேர்ந்து மாத்திரை வந்துச்சு."

அந்த மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்ததே அவள்தான். ஒரு வேளை விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

அவர் தன் உடம்பைச் சுட்டிக்காட்டி விளக்கினார். சங்கச் செயலாளர் வேதநாயகம் அரசு வேலையில் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் போட்ட வரைபடம் இது. முதல் மாடி வயிற்றில், இரண்டாம் மாடி மார்பில், மூன்றாம் மாடி தோளில். ஏ பிளாக் இடப்பக்கம், பி பிளாக் வலப்பக்கம். மொட்டை மாடியில் ஒற்றை வீடு ஒன்று இருக்கிறது, அது பிடரியில்.

"எல்லாத்தையும் ஒரே தடவையில இருபது நிமிஷம் காட்டிட்டுப் போகவேண்டியதுதானே?"

"முப்பத்தெட்டு பேரும் ஒண்ணா வெளிய வந்து ஒண்ணா உள்ள போனா நீங்க சந்தேகப்படுவீங்கன்னு சாரு அட்டவணை போட்டாரு. ஆறரைக்கு ஒண்ணாவது மாடிக்குத் துண்ட தூக்கணும். அத மூடிட்டு ரெண்டாவது. மூணாவது மாடியில லேட்டா எய்ந்திரிக்கிறவங்க, அவங்களுக்குப் பத்தே கால். இப்ப லீவு வுட்டுட்டாங்க இல்ல, அந்தப் புள்ள கிரிக்கெட் ஆடற மாதிரி காட்டணுமாம். பதினொன்றரைக்கு மேல கேட்டுலேர்ந்து டேங்க் வரைக்கும் இருவது ஓட்டம். இன்னிக்குப் பதினாலுதான் ஆச்சு."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, கேடயம் கொடுத்தார்களாமே, அதில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டார். அவள் தன் பெயர் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நெஞ்சு வலித்தது, ஆகவே பாதியில் நிறுத்தினார்.

"தொண்ணூத்தெட்டு என்னோடது மேடம். அந்த ரெண்டு மார்க்கு எதுல போச்சுன்னுதான் தெரியல."

"உங்க சொந்தப் பொட்டு எங்க?"

"சாரு மேல."

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. வேலைக்காரரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிறுத்தினால் சங்கத்தின் மேல் வழக்கு வரும். கன்னியப்பனின் பொட்டு கன்னியப்பன் மேலேயே இருந்தால் ஒன்பது மணி நேரம் காட்டும். ஆகவே அதை வேதநாயகம் தன் கையில் ஒட்டிக்கொண்டு ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார். துறையின் பதிவேட்டில் கன்னியப்பன் பதினோரு மாதமாக நிழலைவிட்டு இறங்காத மனிதர். நாடி எழுபத்திரண்டு. வெயில் போதவில்லை, வெளியே வாருங்கள் என்று துறையிலிருந்து மூன்று கடிதம்கூட வந்திருந்தது.

மங்கையர்க்கரசி பொட்டு வாசிக்கும் கருவியை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு மூன்றாவது முறை, முப்பத்தெட்டும் தவறியிருந்தன. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? நான் பூட்டேன்னா முப்பத்தெட்டு பேரும் பூட்டாங்கன்னு காட்டுமா?"

"காட்டும்."

"என்னை மட்டும் காட்டாது."

"ஆமா."

"நான்தான் ஏசில கீறேனே" என்றார் கன்னியப்பன், கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி.

அதற்குள் குடியிருப்பே கீழே இறங்கி வந்துவிட்டது. அத்தனை பேரும் குடை பிடித்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரவர் பொட்டை அவரவர் ஒட்டிக்கொண்டுவிட வேண்டும் என்று வேதநாயகம் குழுவில் போட்டிருந்தார். அவர் கையில் பொட்டுப் பிரிக்க ஒரு இடுக்கியும், எண் வரிசையில் பெயர் எழுதிய தாளும் இருந்தன. பொட்டு கை மாறியதும் எல்லார் நாடியும் சரியாகிவிடும், வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கன்னியப்பனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவர் பாட்டுக்கு ஆஸ்பத்திரி போகட்டும், சங்கம் ஒருநாளும் தடுத்ததில்லை என்றும் சொன்னார்.

மங்கையர்க்கரசி கருவியை அவர் கையிலிருந்த பொட்டில் வைத்தாள். கன்னியப்பன், நாடி எழுபத்திரண்டு, நலம் என்று அது சொன்னது.

"நலம்னு பொட்டு சொன்னா எந்த ஆஸ்பத்திரியும் படுக்கை தராது சார். வாசலோட அனுப்பிடுவாங்க."

"அப்படின்னா அவர் பொட்டை அவருக்கே ஒட்டிடறேன். எனக்கென்ன?"

"நேத்துவரைக்கும் நலமா இருந்த பொட்டு இன்னிக்குத் திடீர்னு இப்படிக் காட்டினா பொட்டு பழுதுன்னு எழுதுவாங்க. மாத்தி வர ஏழு வேலை நாள். முப்பத்தெட்டும் சேர்ந்து பழுதாகாதுன்னுதான் இப்ப வண்டியே வருது."

வேதநாயகம் யோசித்தார். வரைபடம் போடுகிறவர்களுக்கு எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்பது சீக்கிரம் புரியும். அவருக்கும் புரிந்தது. ஆனாலும் கையில் இடுக்கி இருந்தது. முதல் மாடியிலிருந்து தொடங்கலாம் என்று குனிந்தார்.

மங்கையர்க்கரசி நடுவில் போய் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதை அவள் அந்த அரை நிமிடத்துக்குள் நினைத்துப் பார்த்திருந்தாள். சட்டத்தில் பொட்டைக் கழற்றிக் கொடுத்தவருக்குத் தண்டனை இல்லை, அடுத்தவர் பொட்டைப் போட்டவருக்குத்தான். ஒரு பொட்டுக்கு ஒரு மாதம் சிறை. கன்னியப்பனுக்கு மூன்று வருடமும் இரண்டு மாதமும். வேதநாயகத்துக்கு ஒரே மாதம்.

"மதிப்பீடு நடந்துட்டு இருக்கு. முடியிறவரைக்கும் பொட்டு இருக்கிற இடத்துலதான் இருக்கணும். தொட்டீங்கன்னா நான் யார் மேல என்ன இருந்துச்சுன்னு எழுதவேண்டி வரும். உங்க கையில இருக்கிறதையும் சேர்த்துத்தான் சார்."

இடுக்கி நின்றது.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

"நீங்க எல்லாரும்தான் போறீங்க டீச்சர். இவரு மேல."

"நாங்க எங்க இருக்கிறது?"

"வீட்டுக்குள்ளேயே இருங்க. வெளிய தலை காட்டாதீங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க."

நான்கு ஆம்புலன்ஸ் வந்தது. முதல் வண்டியில் கன்னியப்பனை ஏற்றியதுமே முப்பத்தெட்டுப் பேரும் ஏறியாயிற்று என்று ஓட்டுநரின் திரை காட்டிவிட்டது. பின்னால் வந்த மூன்றும் காலியாகவே சைரன் போட்டுக்கொண்டு கூடப் போயின. தனக்கு ஒதுக்கிய பத்து நோயாளியை நடுவழியில் விட்டுவிட்டோம் என்று பெயர் வரக்கூடாதாம்.

மருத்துவமனையில் டாக்டர் ஷமீமா பணியில் இருந்தார். சட்டையை விலக்கிப் பார்த்தார். தன் திரையைப் பார்த்தார். மறுபடியும் சட்டைக்குள் பார்த்தார்.

"எழுபத்தெட்டு வயசு அம்மாவும் ஒன்பது வயசுப் பையனும் ஒரே தோள்ல இருக்காங்களே" என்றார்.

"பக்கத்துப் பக்கத்து வீடு டாக்டர்."

டாக்டர் மங்கையர்க்கரசியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"முப்பத்தெட்டு நோயாளி, ஒரே வியாதி. ஒருத்தருக்கு மருந்து குடுத்தா எல்லாருக்கும் கேக்குமா?"

"கேக்கும்."

டாக்டர் கன்னியப்பனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். வெயிலில் உடம்பு வற்றி, உப்பெல்லாம் வெளியேறி, இதயம் களைத்துப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்திருந்தால் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பதினோரு நாள் படுக்கை என்று எழுதினார், முப்பத்தெட்டு முறை.

பதினோரு நாளும் மூன்று வேளையும் கன்னியப்பனுக்கு முப்பத்தெட்டுத் தட்டு வந்தது. தாழ்வாரத்தில் இருந்த நோயாளிகளின் துணைக்கு வந்தவர்கள் எல்லாம் அவரால் சாப்பிட்டார்கள். பையனுக்கென்று வந்த பால் பாயசத்தை மட்டும் அவர் யாருக்கும் தரவில்லை. மங்கையர்க்கரசி ஒருநாள் ஊறுகாய் ஜாடியை வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கேடயத்தைக் கொண்டுபோய் அவர் கட்டிலோரம் வைத்தாள். நர்ஸ் அதன் மேல் மருந்துக் கிண்ணத்தை வைத்தாள்.

வெண்முகிலில்தான் நிலைமை மோசமானது. முப்பத்தெட்டுப் பேரும் மருத்துவமனையில் இருக்கும்போது வீட்டுக்கு எதற்குக் குளிர் என்று மின்சாரப் பிரிவு அன்று மாலையே ஏசி இணைப்பை நிறுத்திவிட்டது. கேட்கப் போனால், கேட்கிற நீங்கள் யார் என்று கேட்பார்கள். மே மாதம், வேலூர். இரண்டு நாள் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் விடியலில் ஒவ்வொருவராக மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள். காற்று அங்கேதான் இருந்தது. காற்றோடு வெயிலும் வந்தது. பையன் நிஜமாகவே கிரிக்கெட் ஆடினான். அடுத்த வாரம் மங்கையர்க்கரசி போனபோது அவன் காலில் இரண்டு வெள்ளைப் பட்டை விழுந்திருந்தது. அவன் அதைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

கன்னியப்பன் எப்போது தேறுவார் என்பதே குடியிருப்பின் பேச்சாகிவிட்டது. அவர் தேறினால்தான் இவர்கள் வீடு திரும்ப முடியும். ஜெசிந்தா டீச்சர் கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். வாசலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, பதறிப்போய்த் தன் பெயரையே சொல்லிவிட்டார். உறவு என்ன என்று கேட்டார்கள். ரொம்ப நெருக்கம் என்றார்.

அவர் கட்டிலோரம் உட்கார்ந்து கன்னியப்பன் கஞ்சி குடிப்பதைப் பார்த்தார். தன் பொட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கன்னியப்பன் இடது விலாவைக் காட்டினார். டீச்சர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அது உறுத்துகிறதா என்று கேட்டார். பதினோரு மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லை என்று கன்னியப்பன் பின்னால் மங்கையர்க்கரசியிடம் சொன்னார். உறுத்தலே, நீங்க லேசான ஆளு டீச்சர் என்று பதில் சொன்னாராம்.

பன்னிரண்டாம் நாள் முப்பத்தெட்டுச் சீட்டோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: ஆறு மாதம் வெயில் படக்கூடாது, நிழலில் ஓய்வு, நாடியைக் கவனிக்க வேண்டும். ஏசி இணைப்பு திரும்பி வந்தது. நோயாளிகள் என்பதால் மதிப்பெண்ணைப் பார்க்காமல் முழு நேரமும் கொடுத்தார்கள். வேதநாயகம் நிம்மதியாக மூச்சுவிட்டு இடுக்கியைத் தேடும்போது மங்கையர்க்கரசி முப்பத்தொன்பதாவது தாளை நீட்டினாள். துறை அனுப்பியது, கன்னியப்பன் பெயருக்கு. மூன்று கடிதம் எழுதியும் வெயிலுக்கு வராததால், நாளை முதல் ஆறு மாதம், தினம் இரண்டு மணி நேரம், மதிப்பீட்டாளர் முன்னிலையில் கட்டாய வெயில்.

"அவருக்குத்தான் டாக்டர் வெயிலே கூடாதுன்னுட்டாரே" என்றார் வேதநாயகம்.

"அது உங்க முப்பத்தெட்டுப் பேருக்கு சார். இவருக்கு இல்லை. இவரு பொட்டுல உடம்பு நல்லா இருக்கு. இந்த ஆறு மாசமும் மதிப்பீடுதான், எல்லாப் பொட்டும் இருக்கிற இடத்துலதான் இருக்கணும்."

வேதநாயகம் தன் மேல்கையைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பொட்டை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஒட்டிக்கொள்ளலாமே என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். பதினோரு மாதமாகப் போட்டுப் பழகியவருக்குத்தான் அது பொருந்தும் என்று ஜெசிந்தா டீச்சர் எழுந்து சொன்னார். பையன் கைதட்டினான்.

மறுநாள் காலை மங்கையர்க்கரசி படிவத்தோடு வந்தாள். காவல் அறைக்குள் ஒரு கட்டில் போட்டிருந்தது. அந்தப் பத்தடி அறைக்கு ஏசியும் வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு நோயாளிகள் தங்கும் இடமாயிற்றே. கன்னியப்பன் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். கேட்டுக்கு வெளியே, அவருடைய நாற்காலியில், வெயிலில், வேதநாயகம் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்தால் எழுந்து கேட்டைத் திறந்தார்.

அவள் எதிரே நின்று பேனாவைத் திறந்தாள். தொப்பி? உண்டு. முழுக்கைச் சட்டை? உண்டு. களிம்பு? இரண்டு முறை.

"பதினொண்ணுலேர்ந்து மூணுவரைக்கும் நிழல் தேடுவீங்களா? எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லவே இல்லை."

வேதநாயகம் காவல் அறையின் கதவைப் பார்த்தார். அடியிலிருந்து குளிர்ந்த காற்று கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது.

"எப்போதும்" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு படிவத்தின் தலைப்புக்குத் திரும்பினாள். எல்லா வீட்டிலும் அவள் அதைக் கடைசியில்தான் கேட்பது வழக்கம்.

"பேரு?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் பேனா முனையைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரம் எதுவும் இல்லை, இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தது.

"கன்னியப்பன்" என்றார்.

காவல் அறைக்குள்ளிருந்து, படுத்தபடியே ஒரு குரல் வந்தது. "அப்பா பேரு முனிரத்தினம். அதையும் சொல்லுங்க சார், கேப்பாங்க."

வேதநாயகம் அதையும் சொன்னார்.